தையநாயகியின் கை

முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கல்யாணம் காட்சி என்று எங்கே போனாலும் தையநாயகிக்கு முன்வரிசை வாய்த்ததில்லை. கடைசிப் பந்தி, பாயசம் தீர்ந்த பிறகு போடுகிற இலை, அதுதான் அவளுக்கென்று விதித்தது. இன்றைக்கோ கைவைத்த நாற்காலி, மார்கழிக் குளிரில் எதற்கென்றே தெரியாமல் தலைக்கு நேரே ஒரு காற்றாடி, கையில் கோலி சோடா வேறு. நாற்காலிக்கு இரண்டு கை இருக்கிறது, உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒன்றுதான். இதைச் சொல்லிச் சிரிக்கலாமென்றால் பக்கத்தில் ஆள் சரியில்லை. பக்கத்தில் இருப்பது அவள் புருஷன் கலியபெருமாள், வெள்ளைச் சட்டைக்குள் விறைத்துப்போய், சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவன்போல. கொள்ளிடக்கரையில், கீழப்படுகை ஆற்றுப் பூங்காவின் புல்தரையில், பிள்ளைகள் ஏறி விளையாடிப் பல் உடைந்துபோன சிமெண்டு முதலைக்கு எதிரே பந்தல். மேசைக்குப் பின்னால் விசாரிக்க வந்திருக்கிற அதிகாரி அம்மாள், கண்ணாடி போட்டவர், யார் பேசினாலும் அந்த முகத்தையே பார்த்துக் கேட்கிறவர். ஊராட்சித் தலைவர் ராஜாங்கம் கொடுத்த மனுவின்மேல் ஊர் என்ன சொல்கிறது என்று கேட்க வந்திருக்கிறார். மனுவில் இருப்பது ஊருக்கே மனப்பாடம். ஆற்றிலுள்ள முதலைகளை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டும், முதலை போன பிறகு பூங்கா எதற்கு, காவல் எதற்கு, வேலியை எடுத்துவிட்டு மணல் அள்ள வழிவிட வேண்டும். எல்லோரும் பேசி முடித்த பிறகு கடைசியாகத் தையநாயகியைக் கூப்பிடுவார்கள். அவள் எழுந்துபோய் முந்தானையை விலக்கி, முழங்கைக்கு மேலே மொழுக்கென்று முடிந்துபோன இடது கையைத் தூக்கிக் காட்டி, முதலை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். "ரெண்டே வார்த்த தங்கச்சி. மீதிய கை பேசிக்கும்" என்று ராஜாங்கம் நேற்று வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சியாம். கை இருந்தவரைக்கும் 'ஏ கலியபெருமாள் பொண்டாட்டி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இல்லாத விரல் அரித்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் சேருகிற சந்தில், எப்போதும் அங்கேதான், எண்ணெய்க் கொப்புளம் ஆறும்போது அரிக்குமே அந்த மாதிரி. வலது கையைக் கொண்டுபோய்க் காற்றைச் சொறிய முடியுமா? முதல் மாதங்களில் சொறிந்தே பார்த்திருக்கிறாள், படுக்கையில், யாரும் பார்க்காதபோது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பையன் சொன்னான், போன கை கொஞ்ச நாள் மூளைக்குள்ள உயிரோட இருக்கும்மா என்று. கொஞ்ச நாளா? ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அங்கேயே இன்னொரு கூத்து. வீட்டுக்கு அனுப்பும்போது இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நீட்டினான் ஒரு குமாஸ்தா, தலையை நிமிர்த்தாமலே. ஆத்துக்குப் போயி முதலைகிட்ட கேட்டு வாங்கியாங்க என்று அவள் சொன்னதும் வார்டே சிரித்தது, அவன்தான் பாவம் அழுதுவிடுவான்போல ஆகிவிட்டான். அந்தக் கை இப்போது எங்கே இருக்கும் என்று நினைக்கக் கூடாது என்றுதான் அவள் இருக்கிறாள், நினைக்கக் கூடாது என்கிற நினைப்பே அதைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. முதலை வயிற்றில் எத்தனை நாள் இருந்திருக்கும்? கரைந்து கழிவாகி, சேற்றில் கலந்து, சேற்றை நத்தை தின்று, நத்தையை நாரை குத்தித் தின்று, அந்த நாரை இதோ பந்தலுக்கு மேலே நீர்மருதில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த ஆற்றில் அவளும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கிறாள். பயமாகத்தான் இருந்தது நினைக்க. ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, ஒரு கெத்து. இந்த இடத்தில் பங்கு கேட்க இங்கே உட்கார்ந்திருக்கிற யாரைவிடவும் எனக்குப் பாத்தியதை உண்டு, நான் என்ன வாயாலா கொடுத்தேன்?

மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், கூட்டுறவுச் சங்கத்துக்காரர், முதலை நேத்து வந்ததுங்க, எங்க பாட்டன் காலத்துல இந்த ஆத்துல முதலையே கெடையாதுங்க, மேலேருந்து ஒரு வெள்ளத்துல அடிச்சிக்கிட்டு வந்ததுங்க என்று. தையநாயகிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆற்றுக்கு நடுவில் நாணல் மண்டிக் கிடக்கிற அந்த மணல்மேட்டுக்கு என்ன பெயர்? முதலைத்திட்டு. நேற்று வந்ததற்கா முப்பாட்டன் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டுப் போனான்? அவள் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இது பூங்காவே இல்லை. படுகை. மழைக்காலத்தில் ஆறு ஏறி வந்து படுத்துக்கொள்கிற இடம், வெயிலில் ஆறு எழுந்து போன பிறகு கத்தரியும் வெள்ளரியும் போட்டுக்கொள்கிற இடம். அதற்கு முன்னால் வெள்ளைக்காரன் காலத்தில் அணை கட்டிய துரை ஒருவன் தங்குவதற்குப் பங்களா இருந்ததாம். இப்போது டிக்கெட் கொடுக்கிற அறை அந்தப் பங்களாவின் குதிரை லாயம்தான், சுவரில் இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. துரை முதலை சுட்டுத் தோலைக் கப்பலில் அனுப்பினான் என்பார்கள். பிறகு கரை அரிக்கிறது என்று அரசாங்கம் மருதும் மூங்கிலும் நட்டது, நட்டதை ஆடு தின்றதுபோக மீதி மரமானது, மரத்துக்கு நாரை வந்தது, நாரையைப் பார்க்கக் கார் வந்தது, கார் வந்ததால் வளைவும் டிக்கெட்டும் பலகையும் வந்தன. பலகையில் எழுதியிருக்கிறது நீர்நாய், நரி, பழந்தின்னி வௌவால், ஆமை, ஆலா என்று. நீர்நாயைப் பலகையில் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள், குடும்பத்தோடு, கரையோர வேருக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு இறங்கி, விசில் அடித்துப் பேசிக்கொண்டு. மணலில் ஆலாப் பறவையின் முட்டையை மிதிக்காமல் கால் வைத்து நடக்க அவளுக்குத் தெரியும். மண்ணும் முட்டையும் ஒரே நிறம், தெரியாதவன் மிதித்துவிட்டுத்தான் ஐயோ என்பான். லாரிச் சக்கரம் ஐயோ என்றுகூடச் சொல்லாது.

லாரியை நினைத்ததும் தொண்டை கசந்தது, சோடாவை ஒரு வாய் குடித்தாள், அது அதைவிடக் கசந்தது. பூங்கா வருவதற்கு முன்னால் கொஞ்ச காலம் லாரிதான் இந்த ஆற்றை ஆண்டது. படித்துறைக்குக் கீழே முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் ஆள் முங்குகிற பள்ளம் விழுந்தது அப்போதுதான். கோடையில் ஆறு வற்றினால் மற்ற இடமெல்லாம் வெறும் மணல், பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நிற்கிற இடத்துக்குத்தானே முதலையும் வரும்? இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டுமா? அப்போது வண்டி விட்டவர் ராஜாங்கத்தின் மாமனார். மருமகன் இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எந் தங்கச்சி கை போயி ஒக்காந்திருக்கா, எனக்குச் சோறு எறங்கலங்கம்மா" என்கிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சோறு இறங்காமலா அந்த வயிறு? முந்தானை முனையை இழுத்து இடது தோளை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். போட்டோக்காரன் ஒருவன் மண்டியிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், எப்போது திறப்பாள் என்று, கோயில் திரை விலகக் காத்திருப்பதுபோல. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. முதலைமேல் இவளுக்குப் பாசமா, ஒரு மண்ணும் கிடையாது. அது கண்முன்னால் வந்தால் சாணியைக் கரைத்து ஊற்றிச் சாபம் கொடுப்பாள், கொடுத்தும் இருக்கிறாள். ஆனால் அந்தக் கோபம் அவளுடையது. கையை இழந்தவளின் கோபத்தை எடுத்து வண்டியில் பூட்டி இன்னொருத்தன் மணல் அடிக்கக் கூடாது.

அப்புறம் என்ன, எழுந்து அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எங்கே சுற்றினாலும் நினைப்பு அந்த ஒரு இடத்தில் வந்து முள்ளில் துணி மாட்டுகிற மாதிரி நின்றுவிடுகிறது. கூடை. மூங்கில் கூடை. படுகையில் திட்டுவீரன் என்று காவல் தெய்வம் உண்டு, சித்திரையில் கிடா வெட்டுவார்கள். வெட்டின கிடாவின் குடலும் கழிவும் முதலைக்குப் பங்கு. அது நேற்றைக்கு வந்த பழக்கம் இல்லை. கூடையில் அள்ளி ஓடத்தில் வைத்து, முதலைத்திட்டைச் சுற்றிக்கொண்டு போய் அந்தாண்டைப் பக்கம் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். 'அதும் பங்கு அதுக்கு, நம்ம தொறை நமக்கு' என்று கொட்டும்போது சொல்ல வேண்டும். வனத்துறை வந்து கூடாது என்று சொன்ன பிறகும் கண்ணை மறைத்து நடந்துகொண்டுதான் இருந்தது. கை போன அந்தச் சித்திரையில் ராஜாங்கம் தேர்தலில் ஜெயித்த வேண்டுதல், நாள் தவறாமல் கிடா. ஆற்றில் தண்ணீர் இல்லை, ஓடம் தரைதட்டியது, இழுத்துக்கொண்டு போக வேண்டும், இழுக்கிற நிலையில் ஆம்பிளைகள் யாரும் இல்லை, எல்லாம் போதை. "படித்தொறையிலயே கொட்டுங்கடா, வேணும்னா அது வந்து எடுத்துக்காதா" என்று ராஜாங்கம் சொன்னதை வேப்பமரத்தடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெண்டுகள் எல்லோரும் கேட்டார்கள். அவளும் கேட்டாள். கொட்டினார்கள். மறுநாளும் அங்கேயே கொட்டினார்கள், அதற்கு மறுநாளும். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனது ராஜாங்கத்தின் டிராக்டர் ஓட்டுகிறவன். சட்டைத் தோளில் ரத்தம் சொட்டச் சொட்டப் போனான். இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவன்தான்.

அந்தச் சட்டையைத்தான் அவள் துவைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம், இதை நினைக்கக் கூடாது. காலை வெயில், நீலச் சட்டை, தோளில் காய்ந்து கறுத்த கறை. சோப்புப் போட்டும் போகவில்லை, ஊற வைத்தால் விடும் என்று சட்டையின் முனையை இடது கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் அலசினாள். எதிர்க்கரையில் ஒரு மீன்கொத்தி கத்திக்கொண்டு போனது. இது ஏன் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறது, அடுத்து நடந்தது மட்டும் ஏன் துண்டு துண்டாக? முதலில் வலியே இல்லை. கதவிடுக்கில் கை மாட்டின மாதிரி ஒரு அழுத்தம், அப்புறம் படிக்கட்டு அவளைவிட்டு விலகிப் போனது. படிக்கட்டுதான் போகிறது என்று நினைத்தாள். தண்ணீருக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம். மூக்கில் சேறு. ஏதோ ஒன்று அவளைத் துணி பிழிகிற மாதிரிச் சுற்றியது, தோளில் அவளுக்கு உள்ளேயே ஒரு மட்டை முறிகிற சத்தம் கேட்டது. பிறகு தலைமயிரை யாரோ பிடித்தார்கள். கரையில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்த கலியபெருமாள், நீந்தத் தெரியாதவன், ஆமாம், ஆற்றங்கரையில் பிறந்து நீந்தத் தெரியாத ஒரே ஆம்பிளை என்று ஊர் கேலி பேசுகிறவன், வாளியோடு குதித்திருந்தான். வாளியால் அதன் மண்டையில் அடித்தான், அது விடவில்லை, கட்டை விரலை அதன் கண்ணுக்குள் விட்டான். விட்டது; கையை வைத்துக்கொண்டு அவளை விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தையி தையி தையி, வேறு ஒரு வார்த்தை வரவில்லை அவன் வாயில். அவன் மீட்ட அந்த உயிர்தான் இப்போது இங்கே உட்கார்ந்து மூச்சு விடுகிறது. அவனை எப்படிச் சபையில் வைத்துக் காட்டிக்கொடுப்பது?

கூடையைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. ஒன்றரை வருஷமாக ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அவள் தலையை அவன் சீவிவிட, ரவிக்கைக் கொக்கியை அவன் மாட்டிவிட, அந்தக் கூடை மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை, முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தி, "எல்லாம் அவர் சொன்னதுதான தையி" என்றான். யார் சொன்னது, எது சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்காததால் இன்றைக்குப் பந்தலுக்கு வந்து நிற்கிறது. அவனுக்கு ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். டிராக்டர் ராஜாங்கத்துடையது, இருக்கிற வீட்டு மனை ராஜாங்கம் பார்த்துக் கொடுத்தது. மனு ஜெயித்தால் மணல் வண்டி ஓட்டச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அதை அவன் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. காலையில் புறப்படும்போது முந்தானையை அவனே மடித்துவிட்டு, "ரெண்டு வார்த்த தையி. எனக்காக" என்றான். எனக்காக. ஐயோ, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பாள். அவள் அவனை நேசிக்கிறாள், அதில் சந்தேகமே இல்லை, அதனால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

எப்போதாவது நினைத்துப் பார்த்தாயா, என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள், அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும்? முதலையைக் கண்ணியில் பிடித்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு போவார்கள். வேலி போகும். படித்துறைக்கு லாரி இறங்கும். பள்ளம் இன்னும் ஆழமாகும். கையைக் கொடுத்தும் ஆறு போய்விட்டால் கொடுத்தது எதற்கு? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் மாதம் அவள் ஆற்றில் இறங்கினாள். அடிவயிறு குளிர்ந்து மூத்திரம் வந்துவிட்டது, தண்ணீருக்குள்தான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. வனவர் மெர்சி, சின்னப் பெண், எங்கிருந்தோ தெற்கேயிருந்து வந்து வேலை பார்க்கிறவள், படித்துறையைச் சுற்றிச் சவுக்குக் கம்பமும் கம்பி வலையும் கட்டி அடைப்புப் போட்டுக் கொடுத்திருந்தாள். "இதுக்குள்ள குளிங்கக்கா, வெளிய போகாதீங்க" என்றாள். குளித்தாள். ஒரு கையால் முதுகு தேய்க்க முடியாது, ஆற்றுத் தண்ணீர்தான் தேய்த்துவிட்டது. கரையில் நின்ற பெண்டுகள் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள், முதலை கடித்தவளுக்கு மறுபடி ஆறு கேட்கிறதாம் என்றார்கள். கேட்கத்தான் செய்கிறது. பயந்துகொண்டே தினமும் இறங்குகிறாள். பயம் போகட்டும் என்று காத்திருந்தால் அது போகிறவரை வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மெர்சி இப்போது பந்தலுக்கு வெளியே மூங்கில் ஓரம் கைகட்டி நிற்கிறாள், வாயைத் திறக்க அவளுக்கு உத்தரவு இல்லை. அவள் பேசினால் முதலைக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பார்கள். ஊர்ப் பெண்டுகள் பேசலாம், வேப்பமரத்தடியில் கேட்டவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள், ஒருத்தி தரையைப் பார்க்கிறாள், ஒருத்தி பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுகிறாள். சொன்னாலும் என்ன, அவர்களுக்கா கை போனது? கை போனவள் சொன்னால்தான் எடுபடும். அதனால்தான் சோடா, அதனால்தான் தங்கச்சி. அவன் பெயரைச் சொல்லாமல் பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பார்க்கலாமா? கொட்டினார்கள் என்று, யார் என்று சொல்லாமல்? பாதியைச் சொன்னால் மீதியை ராஜாங்கம் சொல்லுவார், அவர் வாயால் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். அரித்தது. மறுபடியும் அந்தச் சந்தில் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தையநாயகி, கணவர் பெயர் கலியபெருமாள்" என்றது மைக். கலியபெருமாள் அவள் வலது முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டான். அவன் உள்ளங்கை நனைந்திருந்தது. மேசை நாலு எட்டுதான், நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. காலடியில் சணல் விரிப்பு, விரிப்புக்குக் கீழே புல், புல்லுக்குக் கீழே ஆறு கொண்டுவந்து போட்ட மண். ராஜாங்கம் மைக்கை அவள் வாய்க்கு நேராகத் தாழ்த்திவிட்டு, "முந்தானைய எடு தங்கச்சி, அம்மா பாக்கட்டும்" என்றார் மெதுவாக. எடுத்தாள். அவளாகவே எடுத்தாள், மெதுவாக இல்லை, ஈரத்துணியை உதறுகிற மாதிரி. காமிரா படபடவென்று மின்னியது. இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை காட்டினாள், அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை காட்டினாள். பின்வரிசையில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. பாவம், நாளைக்குக் கனவில் வரும்.

"பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி அம்மாள்.

"பயமாத்தாம்மா இருக்கு. தண்ணியில கால வக்கிறப்பல்லாம் இருக்கு" என்றாள் தையநாயகி. மைக்கில் தன் குரல் யாரோ மாதிரிக் கேட்டது, இருந்தாலும் நடுங்கவில்லை. "எங் கைய முதலதான் எடுத்துச்சு. அது இல்லன்னு சொல்லல. ஆனா அது காலங்காலமா திட்டுக்கு அந்தாண்ட கெடந்துச்சு, நாங்க இந்தாண்ட குளிச்சோம். படித்தொறைக்கு அது தானா வரல. வரவழைச்சாங்க. போன வருசம் சித்திரையில கெடா வெட்டுன கழிவ ஓடத்துல கொண்டுபோவாம, தெனம் கூடை கூடையா படித்தொறையிலயே கொட்டுனாங்க. சோறு போட்ட எடத்துக்கு நாய் வராதா? அது மாதிரி வந்துச்சு. அங்க நான் துணி தொவச்சிக்கிட்டு இருந்தேன்."

பந்தலில் சலசலப்பு எழுந்தது. வேப்பமரத்தடிப் பெண்டுகள் பக்கம் யாரோ "ஆமா" என்றார்கள், யாரென்று தெரியவில்லை. ராஜாங்கம் சிரித்தார். கோபப்படுகிற ஆள் இல்லை அவர், சிரிக்கிற ஆள், அதுதான் ஆபத்து. "சபையில பாதி சொல்லி பாதி மறைக்கக் கூடாது தங்கச்சி. கூடையத் தூக்கியாந்து கொட்டுனது யாரு? அதையும் அம்மாகிட்ட சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டு முன்வரிசையைப் பார்த்தார். இதற்குமேல் இவள் வாய் திறக்காது என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். தையநாயகியும் முன்வரிசையைப் பார்த்தாள். கலியபெருமாள் தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்று, அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அந்தக் கட்டை விரலைப் பார்த்தாள், முதலையின் கண்ணுக்குள் போன விரல், வேட்டி மடிப்பைப் பிசைந்துகொண்டிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று ஆசையாக இருந்தது. பெரிய ஆசை. பிறகு நிமிர்ந்தாள்.

"கொட்டுனது எம் புருசன்" என்றாள். "கெடா ஒங்களோடது. கொட்டச் சொன்ன வாயும் ஒங்களோடது. முதலயப் புடிச்சிக்கிட்டுப் போவணும்னா நீங்க ரெண்டு பேரும் அதே வண்டியில ஏறிக்குங்க, ஒண்ணா போயிட்டு வாங்க."

ராஜாங்கத்தின் சிரிப்பு நின்றது. "ஏண்டா கலியபெருமாளு" என்றார், மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்டது, "பொண்டாட்டி ஊரு முன்னாடி ஒம் மானத்த வாங்கிக்கிட்டு நிக்கிறா, நீ பாட்டுக்கு ஒக்காந்திருக்கியே. அவ சொல்றது பொய்யின்னு எழுந்திரிச்சி சொல்லுடா."

கலியபெருமாள் எழுந்தான். ராஜாங்கத்தைப் பார்த்தான், அதிகாரி அம்மாளைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான், முகத்தை இல்லை, முந்தானை விலகிக் கிடந்த தோளை. சட்டைப் பொத்தானை ஒருமுறை தொட்டுக்கொண்டான். அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் அடிப்பானா, அழுவானா, பேசாமலே இருந்துவிடுவானா, எதுவும் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சரி, சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

"பொய் இல்லீங்க" என்றான் கலியபெருமாள்.

அவன் உட்காரவில்லை, அப்படியே நின்றான். அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ராஜாங்கம் மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினார், அந்த அம்மாள் வேண்டாம் என்று விரலை அசைத்தார். "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

"சொல்லணும்மா" என்றாள் தையநாயகி, மைக்கை ஒற்றைக் கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "மணலப் பத்தி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."